பேகனின் போர்வை

மீன் வளர்ப்பவர்களிடையே ‘டெலிகேட்’ என்ற சொல்லுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. கொளத்தூரில், கண்ணாடித் தொட்டிகள் மூன்று அடுக்காக ஏறி நிற்கும் ஒரு கடையில், 2019 ஜனவரியில் அந்தச் சொல் என்னிடம் சொல்லப்பட்டது. “சார், இது சாக்லேட் கூராமி. டெலிகேட். உங்களுக்கு வேணாம், போயிடும்.” போயிடும் என்றால் செத்துவிடும். பக்கத்துத் தொட்டிகளில் நீலக் கூராமியும் முத்துக் கூராமியும் இருந்தன. அவை சுற்றுவட்டாரப் பண்ணைகளில் பெருகியவை, எளிதில் போகாதவை. அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘போயிடும்’ என்றதும் திரும்பினேன். சிங்கப்பூர் வழியாக வந்த ஒரு சரக்கில் கூடவே வந்துவிட்ட ஆறு மீன்கள். இரண்டு அங்குல நீளம். உதிர்ந்து நனைந்த இலையின் பழுப்பு. குறுக்கே வெளிறிய கோடுகள். கூரிய முகம். தொட்டியின் மூலையில் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நின்றன. ஆறையும் வாங்கினேன்.

அவர் அப்படித் தடுத்திராவிட்டால் வாங்கியிருப்பேனா? இந்தக் கேள்வியை வெகுநாள் என்னிடம் நானே கேட்டுக்கொள்ளாமல் தப்பித்து வந்திருக்கிறேன்.

ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்தவனுக்கு அகராதி பார்ப்பது தீராத வியாதி. டெலிகேட் என்பது லத்தீனிலிருந்து வந்த சொல். மத்திய கால ஆங்கிலத்தில் அதற்கு எளிதில் உடைவது என்பது முதல் பொருளல்ல. இன்பம் தருவது, சுவையானது என்று பொருள். ஆளைக் குறித்தால் சுகவாசி, சௌகரியப் பிரியன். நொறுங்குவது என்ற அர்த்தம் பின்னால் ஏறிக்கொண்டது. பழைய கணக்கில் பார்த்தால், கடைக்காரர் தொட்டிக்குள் இருந்ததற்குச் சொன்ன சொல் தொட்டிக்கு வெளியே பர்ஸைத் திறந்துகொண்டு நின்றவனுக்கே பொருந்தும். நம் மொழியில் இதற்கு அனிச்சம் இருக்கிறது. ஆனால் வள்ளுவர் அந்தப் பூவை விருந்தோம்பல் அதிகாரத்தில் கொண்டுவருவது அதன் மென்மையை வியப்பதற்காக அல்ல. வந்தவன் வாடினால் அதற்கு வரவேற்றவனின் முகம்தான் காரணம் என்று சொல்வதற்காக. பூவின் குணம் வீட்டுக்காரனின் பொறுப்பாகிவிடுகிறது. என் விஷயத்தில் இந்த உதாரணமும் முழுதாகப் பொருந்தவில்லை. விருந்தாளி தானாக வருகிறவன். பாலிதீன் பையில் ஆக்ஸிஜன் நிரப்பி, ரப்பர் வளையம் போட்டு, வழியில் தண்ணீர் அழுக்காகாமலிருக்க முன்கூட்டியே பட்டினி போட்டு அனுப்பப்படுகிறவன் விருந்தாளி இல்லை.

இந்த மீனுக்கு அறிவியல் பெயர் கொடுத்தவர் ஜியோவானி கனெஸ்ட்ரினி, 1860-இல். டார்வினின் நூலை இத்தாலிய மொழிக்குக் கொண்டுபோன இருவரில் ஒருவர் அவர். மீனின் இடம் மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ. அங்கே பீட் சதுப்புக்காடுகள் இருக்கின்றன. விழுந்த இலையும் மரமும் நீரில் ஊறி, முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கிக் கிடக்கும் நிலம். அதன் வழியே ஊறிவரும் நீர் டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும். உப்போ சுண்ணாம்போ அதில் ஏறக்குறைய இல்லை. அமிலத்தன்மை பி.எச். 4-க்கு அருகில், சில இடங்களில் அதற்கும் கீழே. நுண்கிருமிகளுக்கே அது கஷ்டமான நீர். இப்படிப்பட்ட நீரில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம் விஞ்ஞானிகளிடையேகூட நெடுநாள் இருந்தது. 2006-இல் சுமத்ராவின் இதே மாதிரிச் சதுப்பிலிருந்துதான் பீடோசிப்ரிஸ் என்ற மீனை விவரித்தார்கள். முதிர்ந்த பெண்மீனின் நீளம் 7.9 மில்லிமீட்டர்.

நம் ஏரிக் கெண்டையை அந்த நீரில் விட்டால் தாங்காது. அங்கே டெலிகேட் நம் கெண்டைதான். சாக்லேட் கூராமி தன் இடத்தில், வேறு பலவற்றால் வாழ முடியாத நீரில் வாழ்ந்து பெருகுகிறது. அதன் உடம்பு அந்த நீரோடு ஒத்துப்போனபோது மற்ற நீர்களின் கிருமிகளோடு சண்டையிடும் வழக்கத்தைப் பெறாமல் போயிற்று. அவ்வளவுதான். காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பு ஒன்று அதன் தலைக்குள் இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். நம்மூர்ப் பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்புதான். பனையேறி மரத்தில் ஏறியிருந்ததைத் தரங்கம்பாடியில் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதியது 1797-இல் லண்டனில் அச்சாயிற்று. பனையேறியை யாரும் டெலிகேட் என்பதில்லை. நொய்மை என்பது மீனின் குணமென்று நாம் பேசுகிறோம். அது இடமாற்றத்தின் விளைவு. விளைவைக் குணமாக எழுதிவிட்டால் செய்தவன் வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விடுகிறான்.

இதற்கு நேரெதிரான உதாரணமும் கொளத்தூரிலேயே கிடைக்கும். குட்டைக் கூராமி என்ற சிவப்பு நீலக் கோடு போட்ட மீன் எந்தக் கடையிலும் இருக்கும். 1822-இல் ஹாமில்டன் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் வருவது. வயல் வாய்க்காலிலும் பாசிக் குட்டையிலும் வாழ்ந்த திடமான மீன். பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக நிறத்துக்காகப் பொறுக்கிப் பெருக்கியபின், இன்று இரிடோவைரஸ் என்ற மருந்தில்லாத நோயோடு அதன் பெயர் சேர்ந்தே வருகிறது. ஒன்றை அதன் நீரிலிருந்து எடுத்து நொய்யதாக்கினோம். இன்னொன்றைக் கூடவே வைத்துக்கொண்டு நொய்யதாக்கினோம். பண்ணை மீனை வாங்கினால் பாவமில்லை, காட்டு மீனை வாங்கினால்தான் பாவம் என்று நண்பர்கள் சொல்லும்போது எனக்கு அவ்வளவு நிச்சயம் ஏற்படுவதில்லை.

என் வீடு பெரம்பூரில். ஆழ்குழாய்த் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரைப் பிடித்தால் 1,200 காட்டும். ஆகவே ஆர்.ஓ. தண்ணீர். அதில் தெருமுனை வாதாங்கொட்டை மரத்தின் பழுத்து விழுந்த இலைகளைக் காயவைத்து ஊறப்போட வேண்டும். இரண்டு நாளில் தண்ணீர் பழுப்பாகும், கொஞ்சம் அமிலமும் ஏறும். இந்த இலை விஷயத்தில் மட்டும் எனக்கும் சுமத்ராவுக்கும் ஒரு சம்பந்தம் இருந்தது. அந்தப் பக்கத்துக் கடற்கரைகளிலும் அதே மரம்தான். சாப்பாட்டுக்கு உயிருள்ள புழு. மொட்டைமாடியில் ஒரு பக்கெட்டில் கொசுப்புழு வளர்த்தேன். டெங்கு சோதனைக்கு வந்த மாநகராட்சிப் பெண் அதைக் கவிழ்த்துவிட்டு, படித்தவர் மாதிரி தெரிகிறீர்களே என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு மீனின்மேல் தங்கப்பொடி தூவியதுபோல் ஒரு மினுமினுப்பு வந்தது. புது நீரில் நிறம் கூடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கும் காட்டினேன். அது வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். நான் ரசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அது செதில்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மீனும், தொடர்ந்து இன்னொன்றும், ஏன் என்று தெரியாமல் மூன்றாவதும் போயின. அழகுணர்ச்சி அறவுணர்ச்சிக்கு வழிகாட்டும் என்று இலக்கிய விமர்சனத்தில் நானும் எழுதியிருக்கிறேன். இப்போது எழுதத் தயக்கமாக இருக்கிறது.

பிறகு அந்தக் கோடை. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் தரை வெடித்துக் கிடந்தன. லாரி எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் விடியற்காலை ஐந்து மணிக்கும் வரும். என் மனைவிதான் குடத்தோடு நிற்பாள். நான் எட்டரைக்கு பஸ் பிடிக்க வேண்டியவன் என்பது எங்களுக்குள் பேசப்படாத நியாயம். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தை ஒருநாள் பக்கெட் வைத்து அளந்தேன்: ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் கழிவாக வெளியேறியது. மூன்று மீன்களுக்கு வாரம் பத்து லிட்டர் மாற்றினால் நாற்பது லிட்டர் செலவு. கழிவுநீரில் துணி துவைக்கிறோமே என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். துவைத்தவளும் அவள்தான். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்த வாரம் அவள் கேட்டாள்: “ஏங்க, மீனுக்கு எத்தனை குடம் வேணும்? சொல்லிட்டா சேர்த்தே பிடிச்சிடுவேன்.”

அதில் கிண்டல் இல்லை. கிண்டல் இருந்திருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

பேகன் ஞாபகம் வந்தது அப்போதுதான். மயிலுக்குக் குளிருமென்று போர்வை கொடுத்தவன். கொடைமடம் என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடத்தில் நமக்குக் கற்பித்தது அந்த மயில் மட்டும்தான். அதே பேகன் தன் மனைவி கண்ணகியை விட்டுவிட்டு வேறொருத்தியின் ஊரில் இருந்ததும், கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் எங்களுக்குப் பரிசில் வேண்டாம், அவளிடம் போ என்று அவனைக் கேட்டதும் அதே புறநானூற்றில் இருக்கிறது. பரணர் ஒரு பாட்டில் மயிலுக்குத் தந்ததையும் மனைவிக்குத் தராததையும் ஒரே மூச்சில் சொல்கிறார். இரக்கம் மனிதனுக்குள் ஒரே இடத்தில் ஊறி எல்லாப் பக்கமும் பாய்கிறது என்பது ஒரு கற்பிதம். அது வாய்க்கால் வெட்டிய பக்கம்தான் பாயும். எதிர்ப்பேச்சு பேசாத, நன்றி கேட்காத, பதிலுக்கு எதையும் கோராத உயிரிடம் இரக்கமாக இருப்பது சுலபம். தோற்றால் டெலிகேட் என்று சொல்லிவிடலாம். ஜெயித்தால் அந்தப் பெருமையில் பங்குக்கு யாரும் வருவதில்லை.

பேகனையும் என்னையும் ஒரே வரியில் வைப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம். அவன் மயிலின் குளிரைத் தப்பாகக் கணக்கிட்டான். மயிலுக்கு ஒரு நஷ்டமுமில்லை. போர்வையை உதறிவிட்டுப் போயிருக்கும். நான் தோகையைப் பிடுங்கிவிட்டுப் போர்வை கொடுத்தவன்.

அக்டோபரில் மழை வந்தது. மொட்டைமாடியில் பிடித்த மழைநீரில் உப்பே இல்லை. தொட்டிக்கு அதைவிட நல்ல நீர் நான் தந்ததில்லை. பத்து நாளில் பெண்மீன் ஒன்றின் தாடை லேசாகக் கீழே தொங்கியது. இந்த இனத்தில் பெண்தான் முட்டைகளை வாயில் வாரிக்கொள்ளும். ஏறக்குறைய இரண்டு வாரம் வைத்திருந்து, தானாக நீந்தக்கூடிய குஞ்சுகளாக வெளியே விடும். அதுவரை சாப்பிடாது. நான் புழுவைப் போட்டால் மற்ற இரண்டும் ஓடிவரும். அது ஜாவாப் பாசிக்குப் பின்னால் அசையாமல் நிற்கும். காற்றுக்கு மட்டும் மெதுவாக மேலே வந்து இறங்கும். வங்கியிலிருந்து வந்ததும் விளக்கைப் போடாமல் அதன் முன் உட்கார்ந்திருப்பேன். அந்த நாட்களில் என் மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் தொட்டிக்கு முன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஒன்பதாம் நாள் தண்ணீர்மேல் எண்ணெய் படிந்தாற்போல் ஒரு படலம் தெரிந்தது. இலை ஒன்று அழுகியிருந்தது. சும்மா இருக்க முடியவில்லை. இலையை எடுத்தேன், ஐந்து லிட்டரை வெளியேற்றி ஐந்து லிட்டர் விட்டேன், மெதுவாகத்தான், குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு. காலையில் அதன் தொண்டை ஒட்டிப் போயிருந்தது. புழு போட்டதும் முதலில் வந்து தின்றது அதுதான். முட்டைகளை விழுங்கிவிட்டது.

“சும்மா விட்டிருக்கலாம்ல” என்றாள் மனைவி.

விட்டிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த அக்கறை ஏதாவது செய்வது என்பதாக இருந்தது. வங்கியில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வவுச்சர் உண்டு. செய்யாமல் விட்டதற்கு வவுச்சர் கிடையாது. ஆடிட்டுக்கு வருபவர் செய்ததைத்தான் பார்ப்பார். நம் அறவியலும் பெரும்பாலும் இப்படி வவுச்சர்களால் ஆனது என்று தோன்றுகிறது. ஈந்தான், காத்தான், உயிரைக் கொடுத்தான் என்றுதான் பாட்டு வரும். படலத்தைப் பார்த்தும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான் என்று யாரைப் பற்றியும் பாட்டு இல்லை. அன்று அந்த மீனுக்குத் தேவைப்பட்டது அதுதான். எனக்கு அதன்மேல் அன்பு இருந்ததா என்று கேட்டால் இருந்தது என்றே சொல்வேன். அந்த அன்பின் கை சும்மா இருக்கவில்லை.

இனி, பிடித்து விற்பது தப்பா என்ற பொதுக் கேள்வி. இதில் சட்டென்று ஒரு தீர்ப்புச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. கூடையும் வலையுமாக முழங்கால் ஆழத்தில் இறங்கி நிற்பவனால் ஒரு சதுப்பு அழிந்துவிடுவதில்லை. இந்த மீனின் நெருங்கிய இனங்கள் வாழும் மத்திய கலிமந்தானில், 1995-இல் சுகார்த்தோவின் ஆணைப்படி பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கப் புறப்பட்டார்கள். சதுப்பை வடிக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. வடிந்து காய்ந்த பீட், 1997-இல் மாதக்கணக்கில் நிலத்துக்கடியில் எரிந்தது. 2015-இல் மறுபடி. சுமத்ராவிலும் மலேசியாவிலும் சதுப்புக் காட்டின் பெரும்பகுதி எண்ணெய்ப்பனைத் தோட்டமாயிற்று. அந்த எண்ணெய் எங்கே போகிறது என்று தேட நான் தூரம் போக வேண்டியதில்லை. 2007-இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்தபின் பாமாயில் பாக்கெட் எங்கள் தெரு ரேஷன் கடையிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பளம் பொரிவது அதில்தான். மீனை நான் வாங்காமலே இருந்திருந்தாலும் அதன் நீரில் எனக்கு ஒரு பங்கு இருந்திருக்கும். தொட்டிக்கு முன்னால் உட்காரும் குற்றவுணர்வு மட்டும் இருந்திருக்காது.

இதைக் கேட்டதும் ஒரு சமாதானம் கிளம்பும். அமேசான் பகுதியில் பார்சலோஸ் ஊர்க்காரர்கள் சின்ன வண்ண மீன்களைப் பிடித்து விற்று வாழ்கிறார்கள். அந்த வருமானம் இருப்பதால் காட்டை வெட்ட அவர்களுக்குக் காரணமில்லை. ஆகவே வாங்குவதே காப்பது. அங்கே இது ஓரளவு உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் ஓரிடத்து உண்மையை என் கண்ணாடித் தொட்டிக்கு லைசென்ஸாகக் கொண்டுவருவது வேறு விஷயம். காட்டில் அழிந்தாலும் நம் வீடுகளில் இனம் பிழைக்கும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அவர்களில் உண்மையாகவே உழைப்பவர்கள் உண்டு. வம்சாவளி எழுதி வைத்து, குஞ்சு பொரித்து, இலவசமாகக் கொடுப்பவர்கள். நான் அவர்களில் ஒருவனல்ல. முட்டையை விழுங்க வைத்தவன்.

இங்கே இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு ஓர் உவமை தயாராகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தனக்கென்று ஒரு நீர், அதில் மட்டுமே வாழும் சிறு உயிர், வெளியே எடுத்தால் போயிடும் — முந்நூறு பிரதி அச்சிடும் நம்மைப் பற்றித்தானே இது? கவிஞ நண்பர் ஒருவர் என் தொட்டியைப் பார்த்துவிட்டுப் பஸ் நிறுத்தம் வருவதற்குள் அந்தக் கவிதையைச் சொல்லியே காட்டிவிட்டார். நன்றாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்த மீனை ஒருமுறை அதன் நீரிலிருந்து எடுத்தாயிற்று. இப்போது அதை நம்மைப் பற்றியதாகவும் ஆக்கிவிட்டால் அதற்கென்று எதுவும் மிச்சமிருக்காது.

கடைசி மீன் 2022 மே மாதம் போயிற்று. தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஆர்.ஓ. கழிவைப் பிடிக்கும் பக்கெட் மட்டும் பழக்கத்தால் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

போன மாதம் கடைக்காரர் போன் செய்தார். “சார், சாக்லேட் வந்திருக்கு. பன்னெண்டு பீஸ். யாரும் கேக்கல, உங்க ஞாபகம்தான் வந்துச்சு.” அவருடைய தொட்டியில் இருப்பது கொளத்தூர் போர்த் தண்ணீர். நான் வாங்காவிட்டால் அந்தப் பன்னிரண்டும் இரண்டு வாரத்தில் போய்விடும். வாங்கினால் அடுத்த சரக்கில் இருபத்துநாலு வரவழைப்பார். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கணக்கு நேராகவில்லை. பிடித்தாகிவிட்ட மீனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேனா, இனிமேல் பிடிபடப்போகும் மீனுக்கா? முதலாவது என் கண்ணெதிரே மூச்சுக்கு மேலே வருகிறது. இரண்டாவதற்கு இன்னும் உடம்பே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கேன் ஆர்.ஓ. தண்ணீரும் ஒரு பை வாதாம் இலையும் எடுத்துக்கொண்டு போனேன். மனைவி ஒரு கேனை பஸ் நிறுத்தம் வரை தூக்கிக்கொண்டு வந்தாள். மீன் வேண்டாம், இதில் விட்டு வையுங்கள் என்றேன். கடைக்காரர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார், ஆனால் விட்டார். பழுப்பு நீரில் அவை மூலையை விட்டு நகர்ந்து கொஞ்சம் நீந்தின. பார்க்க நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால்தானோ என்னவோ, நாலாம் நாள் விற்றுப்போயின.

அந்த வார வியாழக்கிழமை இரவு தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். கல்லூரிப் பையன். கடைக்காரர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். “அண்ணா, சாக்லேட் கூராமி வாங்கியிருக்கேன். பி.எச். எவ்ளோ வச்சுக்கணும்? ஒண்ணு மேல மட்டும் தங்கம் மாதிரி மின்னுது, சூப்பரா இருக்கு.”

விளக்கை உடனே அணைக்கச் சொன்னேன். பிறகு ஒரு மணி நேரம் பேசினோம்.